இன்கரின் திருத்தலங்களிடையே ஒரு கால்நடைச் செலவு

பெரு நாட்டின் தென்பாகத்தில், அந்தீசு மலைத்தொடரின் மடியில், கடல்மட்டத்தின்மேல் ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது குஸ்கோ நகரம். அது முன்னாளில் இன்கா மன்னரின் தலைநகராய் விளங்கியது. அந்நகரின் நடுவிடத்தினின்றும் புறப்பட்டு வடபாலுள்ள குன்றுகளின்மேல் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் செல்லும் வழியில் ஐந்து பழந்தலங்கள் உள்ளன. காலையிற் புறப்படுவோர் மாலைக்குள் அவ்வைந்தினையும் கால்நடையாகவே கண்டு, பேருந்தில் நகருக்கு மீளலாம். செப்டெம்பர் மாதத்து நாளொன்றில் யாம் எண்மர் ஒரு வழிகாட்டியுடன் அவ்வாறு சென்றோம். அன்று கண்டவற்றையும் கேட்டவற்றையும், கேட்டவற்றுள் எவை கொள்ளத்தக்கன, எவை தள்ளத்தக்கன என்பதையும் மாணவரும் பழைய மாணவரும் அறியுமாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் ஒன்றை மறையாது கூறிவிடல் வேண்டும். யாம் மாணவராய் இருந்த காலத்தில், இன்கர் நம்மவரே என்று கூறும் கட்டுரைகளை ஆர்வத்தோடு படித்தவர்கள். அக்கூற்று நேற்றுத் தோன்றியதன்று. 18 ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் நீதிபதியாய் இருந்த சேர் வில்லியம் யோன்ஸ் என்னும் அறிஞர், சூரிய குலத்தவரெனத் தம்மைக் கூறிக்கொண்ட இன்கரின் பெருவிழா 'இராமசித்தோவா' எனப் பெயர்பெற்றிருந்தது என்று எழுதி, அதனை இராமபிரானோடு தொடர்புபடுத்தினார். 1940 இல் வெளிவந்த 'இந்து அமெரிக்கா' என்னும் நூல் இத்தகைய ஒப்புமைகளை வரிசையாக அடுக்கிற்று. சூரியனைத் தொழுதனர், கல்லைத் தொழுதனர், மலையைத் தொழுதனர். பின்னர் வேறு யாராய் இருத்தல் கூடும் என்று எமது இளமையுள்ளம் முடிவு கட்டிவிட்டது. குஸ்கோவில் இறங்கியபோது அவ்வெண்ணத்தின் எச்சம் எம்மோடு கூடவே வந்திருந்தது.

எமக்கு வழிகாட்டியாய் அமைந்தவர் நடுவயதினரான ஓர் அம்மையார். கெச்சுவா மொழி பேசும் மலைக்கிராமமொன்றிற் பிறந்து, குஸ்கோவிற் கல்வி பயின்று, உரிமம் பெற்ற வழிகாட்டியாய்ப் பல்லாண்டு தொழில் புரிபவர். வழக்கமாகச் சுற்றுலாக் குழுவினரைப் பேருந்தில் மேலே கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்து கீழ்நோக்கி நடத்தி வருவார்கள். மூச்சு முட்டாதிருத்தற்கு அதுவே தக்க வழி. அம்மையாரோ, "உங்களாற் கூடுமாயின் மேல்நோக்கி நடப்போம். எங்கள் முன்னோர் இத்தலங்களைக் கோயிலிலிருந்து தொடங்கி வெளிப்புறமாகவே எண்ணினார்கள். மேலிருந்து வருவது கணக்கைக் கடைசி வரியிலிருந்து வாசிப்பதைப் போன்றது" என்றார். யாம் உடன்பட்டோம். மேடேறும்போது இரண்டொரு முறை அதற்காக வருந்தியதும் உண்டு.

அவர் கோயில் என்றது கொரிகாஞ்சாவை. பொன் வளாகம் என்பது அப்பெயரின் பொருள். இன்று அவ்விடத்திற் சாந்தோ தொமிங்கோ என்னும் கிறித்தவ ஆலயமும் துறவிமடமும் நிற்கின்றன. அடியில் இன்கரின் சுவர். அதன்மேல் ஸ்பானியரின் கட்டடம். 1532 நவம்பரிற் பிசாறோ என்னும் ஸ்பானியத் தலைவன் இன்கா மன்னனாகிய அத்தவால்ப்பாவைச் சிறைபிடித்து, விடுதலைக்கு ஈடாகப் பொன் கேட்டபோது, இக்கோயிற் சுவரிற் பதித்திருந்த பொற்றகடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பொன் வந்து சேர்ந்தது. மன்னன் 1533 இற் கொல்லப்பட்டான். பின்னர் 1650 இலும் 1950 இலும் பெரு நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. இரு முறையும் மேற்கட்டடம் சிதைந்தது. சாந்தின்றி இழைத்துப் பொருத்திய கீழ்ச்சுவர் நின்றது. மடத்தின் பூச்சுக்குள் மறைந்திருந்த இன்காச் சுவர்கள் பல 1950 இன் பின்னரே மீண்டும் வெளிச்சங் கண்டன.

இங்கிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. கொரிகாஞ்சாவை நடுவாகக் கொண்டு நாற்றிசையும் பரந்த 41 கோடுகளை இன்கர் வகுத்திருந்தனர். அக்கோடு ஒவ்வொன்றும் 'செக்கே' எனப்படும். கண்ணுக்குத் தெரியும்படி நிலத்திற் கீறிய கோடுகளல்ல அவை. தலத்துக்குத் தலம் மனத்தால் தொடுத்த வரிசைகள். ஒவ்வொரு செக்கேயிலும் தெய்வத்தன்மை வாய்ந்த இடங்கள் பல முறையே எண்ணப்பட்டன. அத்தகைய இடத்துக்கு 'வாக்கா' என்று பெயர். ஒவ்வொரு செக்கேயின் வாக்காக்களையும் பேணிப் படையலிடும் கடமை நகரத்துக் குலக்குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. எழுத்தில்லாத அம்மக்கள் முடிச்சிட்ட கயிறுகளாற் கணக்கு வைத்தவர்கள். நடுக்கயிற்றினின்றும் கிளைக்கயிறுகள் தொங்க, அவற்றில் முடிச்சுக்கள் நிரையாய் அமைந்திருப்பதை அருங்காட்சியகத்திற் கண்டோர்க்கு, செக்கே முறையும் நிலத்தின்மேல் விரித்த அத்தகைய கயிற்றுக் கணக்கே என்று தோன்றும்.

வாக்கா என்னும் சொல்லைக் கோயில் என்றோ விக்கிரகம் என்றோ பெயர்த்துவிடுதல் தவறு. இன்கா அரசகுலத்துத் தாய்க்கும் ஸ்பானியப் படைத்தலைவனுக்கும் 1539 இற் குஸ்கோவிற் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா, தம் நூலில் அச்சொல்லின் பல பொருள்களை விரித்துரைக்கின்றார். பனிமூடிய பெருமலை வாக்கா. இரட்டையராய்ப் பிறந்த குழந்தைகள் வாக்கா. இரு மஞ்சட்கரு உடைய முட்டையும் வாக்கா. பொதுமையினின்றும் விலகி, உள்ளத்தை நிறுத்தி, அச்சமோ வியப்போ தருவது எதுவோ அது வாக்கா என்க. குஸ்கோவைச் சூழ்ந்த வாக்காக்களுள் பாதிக்கும் மேற்பட்டவை நீரூற்றும் கல்லுமே. ஊற்றுக்களுக்குக் கடற்சிப்பியைப் படைப்பது வழக்கம். நீர்க்கெல்லாம் தாய் கடல். சிப்பி அக்கடலின் மகள். ஆதலின் மகளைக் கொணர்ந்து தாயின் நீரை வேண்டினர். கடலைக் கண்டறியாத மலைநாட்டு உழவர் இதனைச் செய்தனர் என்பது எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

இவையெல்லாம் நமக்கு எவ்வாறு தெரியும்? பெர்னபே கோபோ என்னும் இயேசு சபைத் துறவி 1653 இல் எழுதி முடித்த பெருநூலில் 328 வாக்காக்களைச் செக்கே வரிசைப்படி, பெயரும் இடமும் படையலும் குறித்து நிரல்படுத்தியுள்ளார். அவர் தாமே சென்று கேட்டறிந்தது அன்று அது. அவர்க்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டுக் குஸ்கோவில் அதிகாரியாய் இருந்த போலோ தெ ஒந்தகார்தோ திரட்டிய குறிப்புக்களே அதற்கு மூலம் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அவ்வதிகாரி அவற்றைத் திரட்டியது வழிபாட்டை ஒழித்தற்பொருட்டு. மறைத்துவைக்கப்பட்டிருந்த இன்கா மன்னரின் பதப்படுத்திய உடல்களை 1559 இல் தேடிக் கைப்பற்றியவரும் அவரே. எதனை அழித்தல் வேண்டும் என்று எழுதிய பட்டியலே, எது இருந்தது என்று காட்டும் பட்டியலாய் எஞ்சியுள்ளது.

ஈண்டு எம்மவர்க்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1621 ஆம் ஆண்டில், லீமா நகரில், அரியாகா என்னும் துறவி பெரு நாட்டில் விக்கிரக வழிபாட்டை வேரறுத்தல் பற்றிய கைந்நூல் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ஊர்தோறும் சென்று, எந்த வாக்காவை வணங்குகிறீர்கள், அதன் பெயர் யாது, படையல் யாது, பூசகர் யார் என்றெல்லாம் வினாவும் முறை அதில் வகுக்கப்பட்டுள்ளது. அதே 1621 இலேதான் யாழ்ப்பாணத்திற் பிலிப்பே தெ ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். 1580 முதல் 1640 வரை ஸ்பானியாவும் போர்த்துக்கலும் ஒரே மன்னனின் முடிக்கீழ் இருந்தன. லீமாவின் அச்சகமும் நல்லூரின் இடிபாடும் அவ்வாண்டில் ஒரே சிங்காசனத்தின் நிழலில் அமைந்தன. யோன்ஸ் கண்ட ஒப்புமையைப் போலாது, இத்தொடர்புக்கு ஆவணம் உண்டு. இதனை யாம் அம்மையாருக்குச் சொன்னபோது அவர் ஆண்டை இருமுறை கேட்டுத் தம் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவ்வமயத்தில் துணிந்து 'இராமசித்தோவா' பற்றியும் வினாவினோம். அவர் அப்பெயரைக் கேட்டதேயில்லை. சிறிது பொழுது சிந்தித்து, "ரைமி என்றால் விழா. சித்துவா என்றால் இந்த மாதத்தில் நிகழ்ந்த வேறொரு விழா. யாரோ இரண்டையும் ஒட்டிவிட்டார் போலும்" என்றார். பின்னர் அச்சித்துவாவை விரித்துரைத்தார். மழைக்காலம் தொடங்கும் செப்டெம்பரிலே நோய்கள் மிகும். அவற்றை நாட்டினின்றும் துரத்துதற்காக 400 வீரர் நகரின் நடுவே கூடுவர். திசைக்கு நூற்றுவராய் நான்கு பெருவழிகளிலும், நோயே வெளியேறு என்று கூவிக்கொண்டு ஓடுவர். வழியிற் காத்திருப்போர் அக்கூவலை ஏற்று மேலும் ஓடுவர். இறுதியில் ஆற்றுநீரில் மூழ்கி ஆயுதங்களையும் கழுவுவர். இராமன் பெயர் அகன்ற இடத்தில், கூவியோடும் நானூறு பேர் எம் கண்முன் வந்து நின்றனர். இழப்பு என்று யாம் எண்ணவில்லை.

நகரத்தின் ஒடுங்கிய கற்றெருக்களின் வழியே மேலேறினோம். யூக்கலிப்டசு மரங்களின் மணம் வீசிற்று. அம்மரம் இன்கர் அறியாதது, 19 ஆம் நூற்றாண்டில் அவுஸ்திரேலியாவினின்றும் வந்தது. சாக்சாய்வமானின் வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்கினோம். வழியிலுள்ள பிற மூன்று தலங்களுக்கும் அதுவே செல்லும்.

சாக்சாய்வமானைப் பற்றி எழுதாதார் இல்லை. ஆதலின் சுருக்குவோம். ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று அடுக்குச் சுவர், வாளின் பல் போல முன்னும் பின்னும் மடங்கிச் செல்கின்றது. அதிற் பதித்த சுண்ணக்கற்களுட் பெரியன நூறு தொன்னுக்கு மேற்பட்டவை. 1550 ஐ ஒட்டி எழுதிய சியேசா தெ லியோன், இப்பணியில் இருபதினாயிரம் பேர் ஈடுபட்டனர் எனவும், அவருள் நாலாயிரவர் கல் வெட்டினர், ஆறாயிரவர் கயிற்றால் இழுத்தனர் எனவும் குறிக்கின்றார். 1536 இல் மாங்கோ இன்கா என்னும் இளவரசன் ஸ்பானியரை எதிர்த்தெழுந்தபோது இவ்விடத்திலே கடும்போர் நிகழ்ந்தது. பிசாறோவின் உடன்பிறந்தானாகிய குவான் பிசாறோ அதிற் காயமுற்று மாண்டான். அரணா, கோயிலா என்று இன்றும் வாதிடுகின்றனர். இரண்டுமாய் இருத்தற்கு என்ன தடை? போருக்குப் பின்னர் ஸ்பானியர் சிறு கற்களையெல்லாம் இறக்கிக்கொண்டு போய்த் தம் வீடுகளையும் ஆலயங்களையும் எழுப்பினர். இன்று நிற்பன அவர்களால் அசைக்க இயலாதவை.

எம்மோடு வந்த இளைஞர் ஒருவர், இன்கர் ஒரு பச்சிலைச் சாற்றாற் கல்லை மெழுகாய் இளக்கினர் என்று படித்திருப்பதாகக் கூறினார். வேறொருவர் வானுலகத்தவரைத் துணைக்கழைத்தார். அம்மையார் முகத்தில் முதன்முறையாகச் சிறு கடுப்புத் தோன்றிற்று. "என் பாட்டன் கல்தச்சர். கல் கல்லாலே இளகும், நாளாலே இளகும்" என்றார். அவர் சொல்லுக்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. புரொற்சன் என்னும் கட்டடக்கலைப் பேராசிரியர் 1980 களில் இன்கரின் கற்சுரங்கங்களை ஆராய்ந்து, ஆங்குக் கிடந்த வன்மையான உருளைக் கற்களையே சம்மட்டியாகக் கொண்டு தாமே கல் கொத்திப் பார்த்தார். தட்டித் தட்டி முகம் இழைப்பதும், ஒரு கல்லின் மேல் மற்றதைப் பொருத்திப் பொருத்தித் திருத்துவதும் நடக்கக்கூடியனவே என்று கண்டார். மக்களின் உழைப்பை மாயமாக்கிப் புகழ்வது புகழ்ச்சியன்று. அவர்களுடைய கையை அவர்களிடமிருந்து பறிப்பதாகும் என்பது எம் கருத்து.

அச்சுவரின் முன்னுள்ள வெளியிலே ஆண்டுதோறும் யூன் 24 இல் இந்தி ரைமி என்னும் சூரியவிழா நடைபெறுகின்றது. பல்லாயிரவர் கூடுவர். பழைய விழா 16 ஆம் நூற்றாண்டிலேயே தடுக்கப்பட்டு ஒழிந்தது. இன்றுள்ளது 1944 இற் குஸ்கோ அறிஞர் சிலர் கார்சிலாசோவின் நூலை ஆதாரமாகக் கொண்டு அமைத்தது. அவ்வாறாயின் இது நாடகமன்றோ என்று கேட்டோம். "என் பாட்டியார் நாடகம் என்றார். என் மகன் விழா என்கிறான்" என்று மட்டும் விடை கூறி, அம்மையார் நடையைத் தொடர்ந்தார்.

அடுத்த தலம் கென்கோ. வெளியிலிருந்து நோக்குவார்க்கு அது கரடுமுரடான சுண்ணப்பாறை. அருகே சென்றாற் பாறை முழுதும் உளியின் வேலையே. படிகள், மாடங்கள், இருக்கைகள், மேலே வளைந்து வளைந்து இறங்கும் ஒரு கால்வாய். உள்ளே பிளவின் வழி நுழைந்தால் குளிர்ந்த இருளறையும் அதில் மேடைபோற் செதுக்கிய கல்லும். முன்புறத்தே செதுக்காத ஒரு தனிக்கல் நிமிர்ந்து நிற்க, அதனைச் சூழ அரைவட்டமாய் மாடங்கள் அமைந்துள்ளன. கட்டிய சுவர் செதுக்காத கல்லுக்குப் பணிந்து வளைந்து நிற்பதாய் எமக்குத் தோன்றிற்று. பாறையைக் குடைந்து தெய்வத்தை உள்ளே வைத்தல் இங்கில்லை. பாறையே வாக்கா, உளி அதற்குச் செய்தது அலங்காரம்.

கென்கோ என்பதற்கு வளைந்து செல்வது என்று பொருள். இன்கர் இத்தலத்தை வழங்கிய பெயர் அதுவன்று. பிற்காலத்தார் அக்கால்வாயைக் கண்டு இட்டது. அக்கால்வாயிற் சோளக்கள்ளை வார்த்து அது செல்லும் போக்கினாற் குறிகண்டனர் என்பார் ஒருசாரார். குருதி வார்த்தனர் என்பார் மற்றொரு சாரார். பயணிகளுக்கு இரண்டாவது கதையே விருப்பம். எம் குழுவில் ஒருவர், உயிர்ப்பலி என்பதெல்லாம் பகைவர் கட்டிய பழி அன்றோ என்று அம்மையாருக்கு ஆறுதல் கூறுவார்போலக் கேட்டார். கார்சிலாசோவும் இன்கர் மனிதப்பலி இட்டதில்லை என்றே எழுதினார். அவர் இருபது வயதளவில் ஊரை விட்டுப் போய், முதுமையில் ஸ்பானியாவிலிருந்து, தாயின் குலத்தை இகழ்வார் முன்னிலையில் எழுதியவர். அவர் நெஞ்சத்தை நாம் உணரலாம். எனினும் கோபோவின் பட்டியலிற் குழந்தைகளைப் பலியிட்ட வாக்காக்கள் பல குறிக்கப்பட்டுள்ளன. 1999 இல் ஆர்சன்தீனாவின் எல்லையிலுள்ள யூயாயாக்கோ என்னும் மலையின் 6,700 மீற்றர் உயர்ந்த முடியில், உறைபனியில் மூன்று குழந்தைகளின் உடல்கள், நெய்த ஆடையும் சிறு பொற்பாவைகளும் சூழக் கண்டெடுக்கப்பட்டன. அம்மையார் இதனை மறைக்கவில்லை. "அவர்கள் எங்கள் குழந்தைகள். இட்டவர்களும் எங்களவர்கள். ஒன்றை விட்டு ஒன்றை என்னாற் சொல்ல இயலாது" என்றார். கல்லூரிகளில் வரலாறு கற்பிப்போர் இவ்வம்மையாரிடம் ஒரு நாள் பயிலலாம்.

அங்கிருந்து சாலையோரமாய் நெடுந்தூரம் நடந்து புக்கா புக்காராவை அடைந்தோம். செங்கோட்டை என்பது பெயர்ப்பொருள். கல் சிறிது செம்மை காட்டுவதன்றிக் கோட்டைக்குரிய வேறொன்றும் காணோம். வழிகாவலோ, தங்குமிடமோ, களஞ்சியமோ, தெளிவில்லை. ஆயினும் அதன் மேற்றளத்தினின்றும் காணுங் காட்சிக்காகவே ஏறலாம். வானம் தெளிந்திருந்தமையால், தென்கிழக்கே 6,300 மீற்றருக்கு மேல் உயர்ந்த அவுசங்காத்தே மலையின் வெண்முடி தெரிந்தது.

இத்தகைய மலைத்தெய்வத்துக்குக் கெச்சுவா மொழியில் 'அப்பு' என்று பெயர். தலைவன் என்பது பொருள். அச்சொல் காதில் விழுந்தவுடனே எம் குழுவிலிருந்த யாழ்ப்பாணத்து முதியவர் துள்ளி எழுந்தார். பழைய நோய் எமக்கும் ஒருகணம் மீண்டது. தந்தையையும் பெரியோரையும் அப்பு என்று அழைத்து வளர்ந்தவர்களல்லமோ! ஆயினும் ஒரு சொல் ஒலியால் ஒத்தல் உறவாகாது. ஒட்டுநிலை மொழிகள் என்ற அளவிற் கெச்சுவாவுக்கும் தமிழுக்கும் அமைப்பொப்புமை உண்டு. துருக்கி மொழிக்கும் அவ்வொப்புமை உண்டு. முறையாய் ஒலிமாற்றம் காட்டி நிறுவினால் ஏற்கலாம். அவ்வாறு நிறுவினார் இலர். முதியவர் இதனை ஒத்துக்கொண்டார். ஆனால் அன்று முழுதும் அம்மலையை அப்பு என்றே அழைத்தார். அதனை யாம் தடுக்கவில்லை.

அவுசங்காத்தேயை அடுத்த மலைகளில் ஆண்டுதோறும் கோயுர் ரித்தி என்னும் பெருயாத்திரை நிகழ்கின்றது. பாறையிற் றோன்றும் கிறித்துவின் உருவையும் பனிமலையையும் ஒருங்கே வணங்கப் பல்லாயிரவர் ஏறுவர். 2011 இல் அது யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கரடியுருத் தாங்கிய அடியார் முன்னெல்லாம் இரவிற் பனிப்பாளத்தின்மேல் ஏறி, பனிக்கட்டியை வெட்டி முதுகிற் சுமந்து இறக்கி, திருநீராய்ப் பங்கிடுவர். பனிப்பாளம் ஆண்டுக்காண்டு சுருங்குவதைக் கண்டு இப்போது அதனை வெட்டாது விட்டனர். பட்டியல் எழுதிய அதிகாரியாற் செய்ய இயலாதிருந்ததை வெம்மை செய்துகொண்டிருக்கின்றது.

இளைப்பாறும் வேளையில், மச்சு பிச்சுவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாது விடுவீரோ என்று நண்பர் கேட்டனர். இரு நாள் முன்னரே ஆங்குச் சென்று வந்திருந்தோம். அது குஸ்கோவினும் தாழ்ந்தது, 2,430 மீற்றர் உயரமே உடையது என்பது பலருக்கு வியப்பாய் இருக்கும். 1911 யூலை 24 இல் ஐராம் பிங்கம் கண்டுபிடித்தார் என்று பாடநூல்கள் கூறும். அவர் சென்றபோது அங்கே உழவர் குடியிருந்தனர். 1902 இலேயே அகுஸ்தின் லிசாறகா என்னும் குஸ்கோ நாட்டவர் சென்று வந்திருந்தார். ஆங்குத் தோண்டிய எலும்புகளை முதலில் ஆராய்ந்தோர் அவற்றுட் பெரும்பாலானவை பெண்களுடையவை என்றனர். உடனே சூரியனுக்கு நேர்ந்த கன்னியரின் மறைநகர் என்னும் கதை பிறந்தது. பிற்கால ஆய்வில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தமை தெரிந்தது. கதை மட்டும் இன்னும் உலவுகின்றது. உச்சியிலுள்ள செதுக்குக்கல்லைச் சூரியனைக் கட்டும் தறி என்னும் பொருள்பட இந்திவத்தானா என்பர். அதுவும் பிற்காலத்தார் இட்ட பெயரே. 2000 ஆம் ஆண்டில் ஒரு மதுபான விளம்பரத்துக்குப் படம் பிடித்தபோது பாரந்தூக்கி சரிந்து அக்கல்லின் முனை உடைந்தது. 1572 இன் கடைசி இன்கா அரசனோடு முடிந்த போர்களிலும் யாரும் அதனைத் தீண்டவில்லை என்பதை நினைக்கும்தோறும் உள்ளம் நோகின்றது.

பின்னர்ச் சாலையைக் கடந்து தம்போமச்சாயை அடைந்தோம். கடல்மட்டத்தின்மேல் 3,700 மீற்றர் கடந்த இடம். பத்தடி நடந்தால் நின்று மூச்சுவாங்கல் வேண்டும். மலைச்சரிவில் மூன்று நான்கு படிகளாய் அமைந்த கற்சுவர், மேற்சுவரில் மாடங்கள். சுவரின் நடுவே ஓரிடத்தில் நீர் வெளிப்பட்டு விழுகின்றது. கீழே அது இரண்டாய்ப் பிரிந்து, ஒத்த அளவில் இரு தாரைகளாய் மீண்டும் விழுகின்றது. மழையற்ற மாதங்களின் கடைசி அது. ஆயினும் நீர் குறைந்ததாகத் தெரியவில்லை. சுற்றுலா ஏடுகள் இதனை இன்காவின் நீராட்டுமண்டபம் என்று எழுதும். நீராடியதற்குச் சான்றில்லை. நீரைத் தொழுதமைக்கு இவ்வழியிலுள்ள வாக்காக்கள் அனைத்துமே சான்று.

இத்தலத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. கோபோவின் பட்டியலிற் றம்போமச்சாய் என்பது பச்சகூத்தி என்னும் பேரரசன் வேட்டைக்குச் செல்லும்போது தங்கிய மாளிகை. சாலையருகே குன்றின்மேல் அமைந்தது. குழந்தைகளைத் தவிர ஏனைய எல்லாவற்றையும் அதற்குப் படைத்தனர். அதற்கு அடுத்த வாக்கா இரண்டு ஊற்றுக்களையுடைய ஒரு நீர்நிலை. அதன் பெயர் கினோவாப்புக்கியோ. குன்றின்மேல் மாளிகை என்பது யாம் சற்றுமுன் கண்ட புக்கா புக்காராவுக்கே பொருந்தும். ஆதலின் செங்கோட்டை என்று இன்று வழங்குவதே பழைய தம்போமச்சாய். இன்று தம்போமச்சாய் என்று வழங்குவது பழைய கினோவாப்புக்கியோ எனக் கருதுவாரும் உளர். எமக்கும் அதுவே பொருத்தமாய்த் தோன்றுகிறது. பெயர் இடம்பெயர்ந்துவிட்டது, ஊற்று இடம்பெயரவில்லை.

நீருக்கும் பயணிகளுக்கும் இடையே கயிறு கட்டியிருந்தனர். அம்மையார் அதனைக் கடக்கவில்லை. விளக்கவுரையை முடித்து, படம் எடுப்போர்க்கு நேரம் கொடுத்துவிட்டு, பாதையின் ஓரமாய் ஒதுங்கினார். பையினின்றும் கொக்கா இலைகளைத் தெரிந்தெடுத்து, கிழியாத மூன்றினை விசிறிபோல் விரலிடைப் பிடித்து, அவுசங்காத்தே உள்ள திசையை நோக்கி மெல்ல ஊதினார், ஏதோ சொன்னார், இலைகளை ஒரு சிறு கல்லின் அடியில் வைத்தார். நாள் முழுதும் எதனையும் விளக்கியவர் இதனை விளக்கவில்லை. எம் குழுவின் இளைஞர் படப்பெட்டியை உயர்த்தி, பின்னர்த் தாமே தாழ்த்திக்கொண்டார்.

பேருந்தை நோக்கி இறங்கும்போது, கேட்பது முறையோ என்ற தயக்கத்துடன், என்ன வேண்டினீர்கள் என்று கேட்டோம்.

"மழையைத்தான். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு நட நிலம் உழுதாகிவிட்டது. இன்னும் ஒரு துளி விழவில்லை" என்றார்.

முதியவர் திரும்பி நின்று அப்புவைப் பார்த்தார். முடியின்மேல் முகில் ஏதும் இல்லை. பேருந்து வந்தது, ஏறினோம்.